நம்ம சனிக்கிழமை வானொலி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவரே எழுதிக் கொடுத்தபடி.)



நான் எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கேன். பத்தாவது வரைக்கும் படிச்சேன். வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போறார். ரெண்டு பிள்ளைங்க. குழுவில் சேர்ந்து பத்து வருஷம் ஆகுது. ஆனா மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. கை நடுங்கினா யாரும் சிரிக்கக் கூடாது.

எனக்கு முன்னாடி பேசின அக்காங்க மசாலாப் பொடி, தையல், கருவாடுன்னு அவங்க தொழிலைப் பத்தி அழகா சொன்னாங்க. என்னை, "நீ அந்த சனிக்கிழமை வாய்ஸ் பத்தி சொல்லு, அந்த கேரம் போர்டு விஷயத்தையும் மறைக்காம சொல்லு"ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. அதனால ரெண்டையும் சொல்றேன்.

எங்க அப்பா வீட்டில் ஒரு ரேடியோ இருந்துச்சு. பழைய துணிப் பையில் போட்டு ஆணியில் மாட்டி வச்சிருப்பார். காத்து எப்படி, கடலுக்குப் போகலாமான்னு கேக்கத்தான் அதை வாங்கினார். எனக்கு அதில் பிடிச்சது, காலையில் சென்னை வானொலியில் வரும் "இன்று ஒரு தகவல்". தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஐயா பேசுவார். இங்க இருக்கற முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். அரியலூர்ப் பக்கத்து கிராமத்துக்காரர். விவசாயப் படிப்பு படிச்சவர். கொஞ்ச நேரம்தான் பேசுவார். ஒரு ஆள் டீக்கடைக்குப் போனான், ஒரு மாமியார் மருமகளைக் கேட்டாங்க, இப்படித்தான் ஆரம்பிப்பார். அவர் சிரிக்கவே மாட்டார், கேக்கற நாம சிரிப்போம். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிருப்பார். 2009-ல் அவர் காலமானப்போ எங்க அப்பா அன்னைக்கு முழுக்க சரியா பேசல.

அவர் கதையில் ராஜாவும் மந்திரியும் வந்தாலும், நம்ம தெருவில் இருக்கற ஆளுங்க மாதிரியே பேசுவாங்க. நம்மளை மாதிரி சாதாரண ஜனங்க கதையையும் ரேடியோவில் சொல்லலாம், ஊரே கேக்கும்னு எனக்கு அப்பவே மனசில் பதிஞ்சு போச்சு.

ரேடியோ நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. 1924-லேயே மெட்ராஸில் ரேடியோ கிளப் ஒண்ணு இருந்துச்சாம். அதை நடத்த முடியாம போனப்போ, 1930-ல் இருந்து நம்ம மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்துச்சாம். இன்னைக்கு நாம வீட்டு வரி கட்டற அதே மாநகராட்சிதான். 1938-ல் ஆல் இந்தியா ரேடியோ வந்து அந்த வேலையை எடுத்துக்கிச்சு.

சில வருஷத்துக்கு முன்னாடி நம்ம குழுப் பயிற்சிக்கு வந்த ஒரு மேடம்தான் "சமுதாய வானொலி"ன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. சினிமாப் பாட்டு போடற பெரிய எஃப்.எம். மாதிரி கிடையாது. சின்னது. 100 வாட் சக்தி. சுத்துப்பட்டு ஊருங்களுக்குத்தான் கேக்கும். நிகழ்ச்சியில் பாதியாவது அந்த ஊர்லயே தயாரிச்சதா இருக்கணும்னு விதி. முதல்ல கல்லூரிங்களுக்கு மட்டும் அனுமதி குடுத்தாங்க. நம்ம சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா எஃப்.எம். ஆரம்பிச்சாங்க. இந்தியாவுலயே முதல் கல்லூரி வளாக சமுதாய வானொலி அதுதான். 2006-ல் இருந்து தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு அரசாங்கம் சொல்லிடுச்சு.

அந்த மேடம் சொன்னதில் எனக்கு ரெண்டு இடம் மறக்கல. ஒண்ணு தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மாச்னூர்னு ஒரு கிராமம். அங்க 2008 அக்டோபர் 15-ல் "சங்கம் ரேடியோ"ன்னு ஆரம்பிச்சாங்க. நம்மளை மாதிரியே சங்கத்தில் சேர்ந்த, ஏழைப்பட்ட தலித் பெண்கள் நடத்தறது. நிலையத்தைப் பாத்துக்கிட்டவங்க ரெண்டு பெண்கள். ரெண்டு பேர் பேருமே நரசம்மா. விதை, மூலிகை, பண்டிகைப் பாட்டு, கிழவிங்க சொல்ற கதைன்னு அவங்க பாஷையில், அவங்க பேச்சிலயே போடுவாங்க. இன்னொண்ணு பாம்பன். அங்க 2016-ல் இருந்து "கடல் ஓசை"ன்னு 90.4-ல் மீனவர்களுக்குன்னே ஒரு வானொலி. அதைக் கேட்டதும் எனக்கு ஒரே ஆத்திரம். பாம்பன் கடலுக்கு ஓசை இருக்கு, எண்ணூர் கடலுக்கு இல்லையா?

உடனே எங்க ஊக்குநர் அக்காவைக் கேட்டேன், "அக்கா, நாமளும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?" அக்கா சிரிச்சாங்க. "டவர் வைக்கணும், டெல்லியில் லைசென்ஸ் வாங்கணும், மெஷின் வாங்கணும். நம்ம சேமிப்பில் மைக் ஒயர் கூட வராது"ன்னாங்க. அதோட விட்டுட்டேன்.

அப்புறம் 2023 டிசம்பர் வந்துச்சு. மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து கழிமுகத்தில் பரவினது உங்க எல்லாருக்கும் தெரியும். படகு, வலை, கை, கால், நண்டு, நாரை எல்லாம் கறுப்பு. அந்த மாசக் கடைசியில் ராத்திரி அமோனியா வாடைக்குப் பயந்து பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடினோம். அதுக்கப்புறம் ரெண்டு பேர் சேர்ந்தா பேச்சு ஒண்ணுதான். நிவாரணம் வந்துச்சா, யாருக்கு வந்துச்சு, யாருக்கு வரல. குழுக் கூட்டத்திலும் அதே, வாட்ஸ்அப்பிலும் அதே. பேச வேண்டிய விஷயம்தான், தப்பு சொல்லல. ஆனா பேசிப் பேசி எங்களுக்குள்ளயே மனஸ்தாபம் ஆயிடுச்சு.

அப்பதான் ஒரு நாள் நான் சொன்னேன். "டவர் வேணாம், லைசென்ஸ் வேணாம். வாரத்துக்கு ஒருத்தர், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, நம்ம குழு வாட்ஸ்அப்பில் மூணு நிமிஷம் வாய்ஸ் போடலாம். தென்கச்சி ஐயா மாதிரி." சட்டம் நாலே நாலு போட்டோம். ஃபார்வர்டு போடக் கூடாது. புருஷனைத் திட்டக் கூடாது. கடன் பேச்சு கூடாது. சம்பாத்தியத்துக்கு இல்லாம, பிள்ளைங்களுக்காக இல்லாம, தனக்கே தனக்குன்னு பிடிச்ச ஒண்ணைப் பத்தி மட்டும்தான் சொல்லணும்.

இந்த நாலாவது சட்டத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. "எனக்குப் பிடிச்சதா? எனக்கு இன்னா பிடிக்கும்? புள்ளைங்க நல்லா இருந்தா போதும்"னு ஆளுக்கு ஆள் அதையே சொன்னாங்க. மூணு சனிக்கிழமை ஒருத்தரும் போடல.

நாலாவது வாரம் கருவாடு விக்கிற ஒரு அக்கா போட்டாங்க. வயசு ஐம்பதுக்கு மேல. அவங்களுக்குப் பிடிச்சது கப்பல். கடல்ல காத்துக்கிட்டு நிக்கற கப்பலைப் பாத்து, அது இன்னா சரக்குன்னு சொல்வாங்க. "அடிப்பக்கச் சிவப்பு தெரியாம, தண்ணியில அழுந்தி நின்னா அது லோடோட வந்திருக்கு. மேல உயரமா, ஜன்னலே இல்லாத டப்பா மாதிரி இருந்தா கார் ஏத்தற கப்பல், காமராஜர் துறைமுகத்துக்குப் போவுது. பெட்டி அடுக்கி வச்சிருந்தா கன்டெய்னர், அது காட்டுப்பள்ளிக்கு இல்லன்னா ராயபுரம் பக்கம் பழைய ஹார்பருக்கு." கருவாடு காய வைக்கிற இடத்தில் உக்காந்து, பேரப்பிள்ளையோட பழைய நோட்டில் ஒவ்வொரு நாளும் எத்தனை கப்பல், இன்னா கலருன்னு கோடு போட்டு வச்சிருக்காங்களாம். அவங்களுக்கு எழுத வராது, கோடும் கலரும்தான். எத்தனை வருஷமான்னு கேட்டா, "எங்க வூட்டுக்காரர் போனதுல இருந்து"ன்னாங்க. அவங்க பக்கத்து வீட்டில் பதினஞ்சு வருஷமா இருக்கற எனக்கே அது தெரியாது.

அதுக்கப்புறம் அடைச்ச தண்ணி திறந்த மாதிரி ஆயிடுச்சு. திருவொற்றியூரில் இருந்து வர்ற ஒரு தங்கச்சி புறா வளக்குது. வடசென்னையில் புறா விடறது ஆம்பளைங்க விளையாட்டு. அதோட அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போனப்போ கூண்டை வித்துடச் சொன்னாராம். இது விக்கல. எது சாதாப் புறா, எது கர்ணம் அடிக்கிற புறா, மேல போனா எத்தனை மணி நேரம் நிக்கும்னு இது பேசினதைக் கேட்டு எங்க வீட்டுக்காரரே போனைப் பிடுங்கி ரெண்டாவது தடவை கேட்டார். இன்னொரு அக்கா நாப்பத்தஞ்சு வயசில் நீச்சல் கத்துக்கிட்டாங்க. குப்பத்தில் பொறந்து, குப்பத்தில் வாக்கப்பட்டு, கடலைப் பாத்தே வாழற நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கை தூக்குங்க பாக்கலாம். பாத்தீங்களா, ஆறு கைதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

எனக்குப் பிடிச்சது கேரம். சின்ன வயசில் தெரு முனையில் மன்றத்துப் பசங்க ஆடுவாங்க. எங்க அண்ணனோட போய் நிப்பேன். ஆள் குறைஞ்சா என்னையும் சேத்துப்பாங்க. இறால் உரிச்ச விரல், நல்லா அழுத்தமா அடிக்கும். ரெட்டைப் போட்டு அடுத்த காயில் ஃபாலோ போட்டேன்னா பெரிய பசங்களே கத்துவாங்க. பதிமூணு வயசில் சடங்கு சுத்தினாங்க. மறுநாளில் இருந்து அந்தத் தெரு முனைக்கு நான் போகல. யாரும் அடிக்கல, திட்டல. போகக் கூடாதுன்னு எனக்கே தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

நம்ம சென்னை கேரமுக்குப் பேர் போன ஊர். மரிய இருதயம் ஐயா 1991-லயும் 1995-லயும் உலக சாம்பியன். 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சு நாட்டில் போய் உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. 2024 நவம்பரில் நம்ம புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுற அப்பாவோட பொண்ணு, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. டிவியில் அந்தப் பொண்ணைக் காட்டினப்போ நான் மாவு ஆட்டிட்டு இருந்தேன். கிரைண்டரை நிறுத்திட்டு நின்னேன். சந்தோஷம்தான். ஆனா ஏன் அழுகை வந்துச்சுன்னு எனக்கே தெரியல. என் விரல் தரையில் தானா சுண்டிக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மன்றத்தில் புது போர்டு வாங்கினதால பழசை விக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். போர்டு, ஸ்டாண்டு, காய், ஸ்ட்ரைக்கர் எல்லாம் சேத்து 2,500 ரூபா. என்கிட்ட ஏது? வீட்டில் கேக்க வெக்கம். முப்பத்தாறு வயசுக்காரி கேரம் போர்டு வேணும்னு எப்படி வாய் திறப்பேன்?

அந்த மாசக் குழுக் கூட்டத்தில் 3,000 ரூபா உள்கடன் கேட்டேன். என்ன காரணம்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. "கூரை ரிப்பேர்"னு சொன்னேன். புயலில் எல்லார் கூரையும் போயிருந்ததால யாரும் மறு கேள்வி கேக்கல. தீர்மான நோட்டில் எழுதினாங்க, நான் கையெழுத்து போட்டேன். அதே கூட்டத்தில் இன்னொரு அக்கா பொண்ணு படிப்புச் செலவுக்குக் கேட்டாங்க. கையிருப்பு பத்தல. "உனக்கு அடுத்த மாசம் தர்றோம்"னு சொல்லிட்டாங்க. அவங்களும் சரின்னு எழுந்து போனாங்க.

போர்டு வாங்கிட்டேன். வீட்டில், மன்றத்தில் சும்மா குடுத்தாங்கன்னு அங்க ஒரு பொய். எங்க மாமியார், "இன்னாமே, ரெண்டு புள்ள பெத்தவ, பொடிப் பசங்க மாதிரி பலகை தட்டினு கீற"ன்னு கேட்டாங்க. அது எனக்கு வலிக்கல. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வந்தாங்க பாருங்க. காதில் கம்மல் இல்ல, ஓட்டையில் வேப்பங்குச்சி. கம்மலை அடகு வச்சுப் பணம் கட்டியிருக்காங்க. என்னைப் பாத்து, "கூரை முடிஞ்சுதாடி? மழைக்கு முன்னாடி போட்டுரு"ன்னாங்க.

அதுக்கப்புறம் போர்டு முன்னாடி உக்காந்தா கை வரல. ஸ்ட்ரைக்கரை வச்சா அந்தக் குச்சிதான் கண்ணுக்கு முன்னாடி வரும்.

மார்ச் மாசம் என் சனிக்கிழமை வந்துச்சு. வாய்ஸ் ஆரம்பிச்சு வச்சவ நான், ஆனா அதுவரைக்கும் என்னைப் பத்தி ஒண்ணும் போட்டதில்ல. கடன் பேச்சு கூடாதுன்னு சட்டம் போட்டவளும் நான்தான். ஆனா கடனைச் சொல்லாம கேரமை மட்டும் சொன்னா அது மூணாவது பொய். போனை எடுத்துட்டுப் பின்பக்கம் போய், பாத்திரம் கழுவற இடத்தில் உக்காந்து, மூணு நிமிஷத்தில் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அனுப்பினதும் போனை அணைச்சு அரிசி டப்பாவில் வச்சுட்டேன்.

அடுத்த கூட்டம் ரொம்ப நேரம் நடந்துச்சு. சிலர் சிரிச்சாங்க. சிலருக்குக் கோவம். "நாளைக்கு ஆளாளுக்கு ஒரு ஆசைன்னு வந்து நின்னா குழு இன்னா ஆவுறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். காரணத்தை மாத்திச் சொன்னதுக்கு 100 ரூபா அபராதம், மீதிக் கடனை ரெண்டே மாசத்தில் கட்டணும்னு தீர்மானம் எழுதினாங்க. மாவு அரைச்சு வித்துக் கட்டினேன். வீட்டுக்காரர், "கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே"ன்னார். "கேக்கற மாதிரி நீங்க வச்சிருக்கீங்களா, இல்ல நான்தான் கேக்கத் தெரிஞ்சு வளந்தேனா"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல.

அந்த அக்கா ஒரு மாசம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. ஒரு நாள் தண்ணி லாரிகிட்ட குடம் வைக்கும்போது சொன்னாங்க. "நீ அன்னைக்கே கேரம் போர்டுக்குன்னு கேட்டிருந்தா நாங்க எல்லாம் சிரிச்சிருப்போம். கடனும் குடுத்திருக்க மாட்டோம். அதனாலதான் நீ பொய் சொன்ன. தெரியுது. ஆனா என் கம்மல் போச்சு இல்ல?" எனக்குப் பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல. மே மாசம் அவங்களே அந்தக் கம்மலை மீட்டுட்டாங்க. இதோ நாலாவது வரிசையில் உக்காந்திருக்காங்க. இந்தப் பேச்சை எழுதி முதல்ல அவங்ககிட்டதான் படிச்சுக் காட்டினேன். "என் பேரை மட்டும் போடாத, மத்தது அப்படியே சொல்லு"ன்னாங்க.

அந்த அக்கா சொன்ன வார்த்தையை எங்க ஊக்குநர் அக்கா விடல. அடுத்த கூட்டத்தில் அதையே பேச்சுக்கு எடுத்தாங்க. மருந்து, படிப்பு, தொழில்னு எல்லாருக்கும் குடுத்தது போக கையில் மிச்சம் இருந்தா, 1,000 ரூபாய்க்குள்ள, "சொந்த ஆசை"ன்னு உண்மையான காரணத்தை எழுதி வாங்கிக்கலாம்னு தீர்மானம் போட்டோம். வட்டி எல்லாக் கடனுக்கும் போலவே. இதுவரைக்கும் ரெண்டு பேர்தான் வாங்கியிருக்காங்க. ஒருத்தர் நம்ம கப்பல் அக்கா. பர்மா பஜாருக்குப் போய் பைனாகுலர் வாங்கிட்டு வந்துட்டாங்க. இப்ப கப்பல் பேரை எங்களைப் படிச்சுச் சொல்லச் சொல்லி உயிரை வாங்கறாங்க. அதனால அவங்க பேத்தி அவங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லித் தருது.

எங்க வீட்டுத் திண்ணையில் ஞாயித்துக்கிழமை மதியம் நாலு பேர் கேரம் ஆடறோம். கம்மல் அக்காவோட பொண்ணும் வருது, நல்லா அடிக்குது. அக்கா வாசலோட நின்னு பாத்துட்டுப் போவாங்க, உள்ள வரமாட்டாங்க. எங்க மாமியார் பக்கத்தில் உக்காந்து காய் எண்ணுவாங்க. தெருவில் போறவங்க இன்னும் சிரிக்கத்தான் செய்யறாங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் வாரத்துக்கு மூணு நிமிஷம் இந்த சனிக்கிழமை வாய்ஸை ஆரம்பிங்க. செலவு ஒண்ணும் இல்ல. என்னைக்காவது நம்ம எண்ணூருக்கும் ஒரு சமுதாய வானொலி வந்தா, போடறதுக்குக் கதை நம்மகிட்ட தயாரா இருக்கட்டும். ரெண்டாவது, கடன் கேக்க வர்ற பெண்ணு என்ன காரணம் சொன்னாலும் சிரிக்காதீங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, தப்பில்ல. சிரிச்சீங்கன்னா அடுத்த தடவை அவ கூரை ரிப்பேர்னு எழுதிடுவா.

எனக்கு மூணு நிமிஷம்னு பழக்கம், இன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன்.